பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆரியங்காவு மலைப்பாதை

புளியரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையை மாடலாகக் கட்ட வேண்டும். கோட்டைவாசல் குகை (மலையைக் குடைந்த ரயில் சுரங்கம்), ஆரியங்காவு ஸ்டேஷன், 13 கண் பாலம், தென்மலை எல்லாம் வர வேண்டும். எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்று வாங்கியாயிற்று. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ரயில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும்? தம்பி, செலவும் தொடக்கமும் பிறகு வரட்டும். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: அந்த மலைப்பாதையில் எதை வீட்டுக்குள் கொண்டுவரலாம், எதை மலையிலேயே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு வேலை ஓடும். அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன். அதில் சில வருடம், தண்டவாள இடைவெளி ஒரு மீட்டராக இருந்த மீட்டர் கேஜ் காலத்தில் இதே மலைப்பாதையில். ஓய்வுக்குப் பிறகு தென்காசி வீட்டில் மூன்று லேஅவுட் (பலகைமேல் அமைக்கும் மாடல் ரயில் பாதை) கட்டி, இரண்டைப் பிரித்து, மூன்றாவதை இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் வளைவு, ஏற்றம், தண்டவாளத் துண்டுகள் சேரும் ஒட்டு இவை பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அது கணக்கு. மின்சார வேலையில் எனக்கு வேலை செய்ததைச் சொல்கிறேன். அதைவிடச் சிறந்த வழி வைத்திருப்பவர்கள் உண்டு. மரம், புல், நிறம் எல்லாம் ரசனை. ‘என்’ ஸ்கேல் என்ற மிகச் சிறிய அளவில் நான் கட்டியதில்லை, ஆகவே அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முதலில் கணக்கு. உலகத்தில் அதிகம் புழங்கும் எச்.ஓ. ஸ்கேல் 1:87, அதாவது நிஜத்தில் 87 மீட்டர் மாடலில் ஒரு மீட்டர். செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறக்குறைய 49 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தால் 563 மீட்டர். உங்கள் அறையின் சுவரை ஒட்டி ஒரு சுற்று தண்டவாளம் போட்டால், மூலை வளைவுகளைக் கழித்து, 10 மீட்டர் கிடைக்கும். நிஜத்தில் அது 870 மீட்டர். ஒரு ஸ்டேஷனின் ஒரு அவுட்டர் சிக்னலிலிருந்து மறு அவுட்டர் சிக்னல் வரைகூட வராது. ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைன் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதுவே மூன்றரை மீட்டர், உங்கள் அறையின் நீளச் சுவர் முழுவதும். ஆகவே ஸ்டேஷன் பாதியாகச் சுருங்கியே தீரும். அதில் யாருக்கும் வேறு வழி இல்லை. ஆனால் 13 கண் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணும் ஒரு தூணும் சேர்ந்து 8 மீட்டர் என்று உங்கள் அளவில் வந்தால், 1:87-ல் அது 9.2 சென்டிமீட்டர். பதின்மூன்றுக்கும் சேர்த்து 1.2 மீட்டர்தான். ஒரு கண்ணைக்கூடக் குறைக்காமல் பாலம் முழுசாக அறைக்குள் வந்துவிடும். இந்த மலைப்பாதையில் சுருக்காமல் வைக்க முடிகிற பெரிய விஷயம் அது ஒன்றுதான். அதனால் என் யோசனை: பாலத்தை முழுசாக வையுங்கள், ஆரியங்காவு ஸ்டேஷனைப் பாதியாக வையுங்கள், இரண்டுக்கும் கிழக்கே குகையை வையுங்கள். தென்மலையை விட்டுவிடுங்கள். இடப்பாளையம், கழுதுருட்டி ஸ்டேஷன்களையும் விட்டுவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். என் முதல் லேஅவுட்டில் ஐந்து ஸ்டேஷன் வைத்தேன். ஒரு ஸ்டேஷனில் ரயிலின் கடைசிப் பெட்டி நிற்கும்போது எஞ்சின் அடுத்த ஸ்டேஷனில் நின்றது. அதைத்தான் முதலில் பிரித்தேன்.

குகையை விடாமல் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புளியரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகவதிபுரம் வரைக்கும் நம் பக்கத்து வயல், தென்னை, வெயில். குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தால் ரப்பர், தேக்கு, ஈரம். ரயில் ஓடும் வேகத்தில் நாடு மாறுகிற மாதிரி இருக்கும். மாடல் கட்டுபவர்கள் இரண்டு காட்சிகளைப் பிரிக்க எத்தனையோ தந்திரம் செய்வார்கள். உங்களுக்கு அது மலையிலேயே கிடைத்திருக்கிறது. கிழக்குச் சுவரில் வெளிர் பச்சையும் செம்மண்ணும், மேற்குச் சுவரில் கரும்பச்சை. நடுவில் குகை.

அடுத்தது, எந்தக் காலத்து ரயில் என்று தீர்மானிக்க வேண்டும். இதை எல்லாரும் கடைசியில் யோசிப்பார்கள், ஆனால் தண்டவாளம் வாங்குவதற்கு முன்னால் முடிவாக வேண்டியது. இந்தப் பாதை 1904-ல் மீட்டர் கேஜாகத் திறந்தது. 2010 செப்டம்பரில் அகலப் பாதை வேலைக்காக மலைப்பகுதியில் ரயிலை நிறுத்தினார்கள். 2018-ல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. இரண்டு காலத்துக்கும் பாலம் அதேதான். உங்களுக்கு இன்றைய ரயில் வேண்டுமென்றால் எச்.ஓ. போதும். அதில் ஒரு சின்னக் குறை உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கான அளவு. நம் அகலப் பாதை 1676. 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, எஞ்சினை நேர் எதிரே பார்த்தால் கால் ஒடுங்கி நிற்கும். பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டு போகிறார்கள். நானும் ஏற்றுக்கொள்ளலாம் என்பேன்.

மீட்டர் கேஜ்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி. எச்.ஓ.எம். என்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. டில்லிக், பெமோ போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் பொருட்கள், அங்குள்ள மீட்டர் கேஜ் ரயில்களுக்காக வந்தவை. அளவு சரியாக இருக்கும், விலை அதிகம். இன்னொன்று நான் இப்போது செய்துகொண்டிருப்பது: தண்டவாளம் சாதாரண எச்.ஓ. தண்டவாளமே, ஆனால் மற்ற எல்லாவற்றையும் 1:64-ல் கட்டுவது. 1000 மில்லிமீட்டரை 64-ஆல் வகுத்தால் 15.6, தண்டவாளம் 16.5. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து ரயிலை மாடல் செய்பவர்கள் மூன்றரை அடிப் பாதைக்கு இதே 1:64-ஐத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் சின்ன உலோகக் கார்கள் பலவும் ஏறக்குறைய இந்த அளவில் வருவதால், பாலத்துக்குக் கீழே ரோட்டில் நிறுத்த லாரி, ஜீப் எல்லாம் எந்தப் பொம்மைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் எஞ்சின், பெட்டி இரண்டையும் நீங்களே அட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் வெட்டிக் கட்ட வேண்டும். பாலமும் 1.6 மீட்டர் ஆகும். உங்கள் 12 அடிச் சுவரில் அது அடங்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு வருடம் காத்திருக்காது. முதலில் எச்.ஓ. ரயில் ஒன்றை ஓடவிடுங்கள். தண்டவாளம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் பிறகு 1:64-க்கு மாறினாலும் அது வீணாகாது. பாலத்தை மட்டும் எந்த ஸ்கேல் என்று முடிவு செய்துவிட்டுக் கட்டுங்கள்.

இப்போது அந்தப் பிளைவுட். அதை அறையின் நடுவில் மேசையாகப் போடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. நாலு அடி அகலப் பலகையில் அதிகபட்சம் 56 சென்டிமீட்டர் ஆரத்தில்தான் வளைவு போட முடியும், அதற்கு மேல் பலகை இல்லை. சுவரோடு ஒட்டிப் போட்டாலோ பின்பக்கத்துக்குக் கை எட்டாது. ஒரு ஆள் குனிந்து வேலை செய்ய எட்டுவது 75 சென்டிமீட்டர், அவ்வளவுதான். ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். இரண்டடி அகலத்தில் எட்டடி நீளத் துண்டு இரண்டு கிடைக்கும். அவற்றைச் சுவரை ஒட்டி ஷெல்ஃப் மாதிரி ‘ட’ வடிவில் வையுங்கள். பின்னால் இன்னொரு பலகை வாங்கி அறுத்தால் அறையை ஏறக்குறையச் சுற்றி வந்துவிடலாம். பலகையின் அகலம் பாதியானதும் மூலையில் 75 சென்டிமீட்டர் ஆரம் தாராளமாகக் கிடைக்கும், ஏனென்றால் இப்போது வளைவு பலகைக்குள் அடைபடவில்லை, அறையின் மூலையைச் சுற்றிப் போகிறது. நடுவில் ஆறடிக்கு எட்டடி நிற்க இடம். ரயில் உங்களைச் சுற்றி ஓடும்.

வளைவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், இருபது முப்பது வருடம் அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். இந்திய ரயில்வேயில் அகலப் பாதைக்கு அனுமதிக்கப்படும் மிகக் கடுமையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். மீட்டர் கேஜுக்கு 16 டிகிரி, 109 மீட்டர். 175-ஐ 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர்! நாம் வீட்டில் பெருமையாகப் போடும் 75 சென்டிமீட்டர் வளைவு நிஜத்தில் 65 மீட்டர் ஆரம். எந்த இன்ஜினீயரும் கையெழுத்துப் போடமாட்டார். பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் ரயில் நன்றாக ஓடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். இரண்டரை மடங்கு என்றால் ஓடும். இரண்டு மடங்குக்கு இறங்கினால் சண்டைதான். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய பெட்டி, இரு முனையிலும் உள்ள பஃபரையும் சேர்த்து 22.3 மீட்டர், எச்.ஓ.வில் 25.6 சென்டிமீட்டர். மூன்று மடங்கு 77. ஆகவே 75-க்குக் கீழே போகாதீர்கள். நேர்பாதையிலிருந்து வளைவுக்குள் திடீரென்று நுழையாமல், ஒரு மெல்லிய மூங்கில் சிம்பை வளைத்து அது தானாக எடுக்கும் கோட்டைப் பென்சிலால் வரைந்து, அதன்மேல் போடுங்கள். நிஜப் பாதையில் இதற்குத் தனிக் கணக்கு உண்டு; வீட்டுக்கு மூங்கில் சிம்பு போதும். வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்த வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். நிஜ ரயிலுக்கு எடையும் வேகமும் இருப்பதால் அது தேவைப்படுகிறது. இங்கே அழகுக்கு மட்டும்தான், ஒரு மில்லிமீட்டர் அதிகமானால் பெட்டி உள்பக்கம் சாயும்.

தண்டவாளம் வாங்கும்போது துண்டு துண்டாக வரும் செட் டிராக்கை விட, வளைக்கக்கூடிய ஒரு கஜம் நீளத் துண்டுகளாக வாங்குங்கள். பீகோ கம்பெனியுடையது 914 மில்லிமீட்டர். ஒட்டு குறையும். தடம் புரள்வதும் கரண்ட் விட்டுப்போவதும் பெரும்பாலும் ஒட்டில்தான். வளைவின் நடுவே ஒட்டு வந்தால், இரண்டு துண்டையும் மேசைமேல் நேராக வைத்து முதலில் சால்டர் பண்ணிவிட்டு, பிறகு ஒரே துண்டாக வளையுங்கள். வளைத்த பிறகு சேர்த்தால் அந்த இடத்தில் கோணம் விழும். வெட்டிய முனையை அரத்தால் மேலேயும் உள்பக்கத்திலும் லேசாகத் தேய்க்க வேண்டும். போட்டு முடித்ததும் கண்ணால் பார்க்காதீர்கள், கட்டைவிரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் வைத்து ஒட்டின்மேல் மெதுவாக இழுங்கள். நகம் ‘டிக்’ என்று தட்டினால் சக்கரமும் தட்டும். மறுபடி அரம். இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிப் போவது மறுபக்கம் தட்டும். பாதையைச் சோதிக்கும் கீமேன்கள் சுத்தியலோடு தினமும் நடந்து செய்யும் வேலையின் சின்ன வடிவம் இது. ஒரு ஒட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்.

எல்லா ஒட்டையும் சால்டர் பண்ணிவிடக் கூடாது. நிஜத்தில் 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி வித்தியாசத்தில் 6 மில்லிமீட்டர் நீளும், அதற்காகத்தான் இடைவெளி விடுகிறோம். வீட்டில் நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 20 டிகிரியில் 0.3 மில்லிமீட்டர் நீளும். ஒரு விசிட்டிங் கார்டு கனம். அது தெரிந்தும் என் இரண்டாவது லேஅவுட்டை மொட்டைமாடி ஷீட் அறையில் மார்கழியில் கட்டினேன். குளிரில் இடைவெளி விடாமல் முட்டிப் போட்டேன். மே மாதம் கதவைத் திறந்தபோது ஒரு கஜம் பாதை பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவன் நான், அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கட்டும் நாள் வெயில் நாளானால் இடைவெளி வேண்டாம். குளிர் நாளானால் நேர்பாதையில் ஒட்டுக்கு ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் போட்டுவிட்டு, கார்டை உருவிவிடுங்கள்.

ஆனால் நம் ஊரில் வெயிலை விடப் பெரிய எதிரி சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புளியரையில் துணி காயாது, மரம் மட்டும் காய்ந்திருக்குமா? மரச்சட்டம் ஈரத்தில் உப்பி, பங்குனியில் சுருங்கும், பாதை அதோடு நகரும். பிளைவுட் வாங்கும்போது பி.டபிள்யூ.ஆர். என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள், கொதிநீரைத் தாங்கும் ரகம். வெறும் எம்.ஆர். ரகம் ஈரப்பதத்துக்கு ஓரளவுதான் நிற்கும். ஒரு கடையில் நல்ல ரகம் என்று கொடுத்ததை நம்பி வாங்கி, ஆறு மாதத்தில் பலகைக்கடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியது. உள்ளே பூச்சி. அதிலிருந்து கால்களுக்கும் சட்டத்துக்கும் மரமே வைப்பதில்லை. கடைகளில் சாமான் அடுக்கும் ரேக்குக்குப் போடும் ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் வாங்கி போல்ட் போட்டு முடுக்கிவிட்டேன். கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். பலகையின் மேல், கீழ், வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடியுங்கள். ஓரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும். சுவருக்கும் பலகைக்கும் ஓரங்குலம் இடைவெளி இருக்கட்டும்.

இனி மலை. ‘மலைப்பாதை என்றால் ஏற்றம் வேண்டுமே’ என்பீர்கள். ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை தாண்டிப் போக எச்.ஓ.வில் தளத்தின் கனத்தோடு 9 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் அதற்கு நாலரை மீட்டர் ஓட வேண்டும், இறங்க இன்னொரு நாலரை. உங்களிடம் இருப்பதே 10 மீட்டர். ஸ்டேஷன் எங்கே வைப்பீர்கள்? ரயிலை ஏற்றாதீர்கள், தரையை இறக்குங்கள். தண்டவாளம் முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பாலம் வருமிடத்தில் பலகையை வெட்டி எடுத்து, 15 சென்டிமீட்டர் கீழே இன்னொரு பலகை போட்டு அதில் பள்ளத்தாக்கு, ரோடு, ஓடை எல்லாம் அமையுங்கள். மட்டமாக ஓடும் ரயில், கீழே தரை விழுந்துவிட்டதால் உயரத்தில் ஓடுகிற மாதிரித் தெரியும். கழுதுருட்டிப் பக்கம் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்கும் காட்சி உங்களுக்கு வேண்டுமென்றால், லேஅவுட்டின் உயரத்தைக் கூட்டி, தண்டவாளம் உங்கள் நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். மகளுக்கு ஒரு ஸ்டூல்.

பாலத்தை அளக்க நீளமான டேப்பெல்லாம் வேண்டாம். ஒரு மீட்டர் குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து, ரோட்டோரத்தில் தூணின் அடியில் சாய்த்து வைத்து, எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று, நேர் எதிரே போட்டோ எடுங்கள். வீட்டில் கம்ப்யூட்டரில் குச்சியின் நீளத்தை வைத்துத் தூணின் அகலம், கண்ணின் அகலம், வளைவு தொடங்கும் உயரம் எல்லாம் எடுத்துவிடலாம். தூண்கள் ஒரே உயரமாக இருக்காது, பள்ளத்துக்குத் தக்கபடி மாறும். ஒவ்வொன்றையும் தனியாக எடுங்கள். பாதைமேல் மட்டும் ஏறாதீர்கள். அது ரயில் ஓடும் பாதை.

குகையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ரயில் தடம் புரண்டால் குகைக்குள்தான் புரளும். மலையைத் தூக்கி எடுக்கும்படியோ, பின்பக்கம் திறந்தோ வையுங்கள். குகை வாயை ஒட்டுவதற்கு முன், உங்களிடம் இருக்கும் மிக நீளமான பெட்டியின் நடுவிலும் ஓரத்திலும் பென்சிலைக் கட்டி வளைவில் தள்ளிப் பாருங்கள். பெட்டியின் நடு உள்பக்கமும், முனை வெளிப்பக்கமும் எவ்வளவு துருத்துகிறது என்று கோடு விழும். அந்தக் கோட்டுக்கு வெளியே சுவர்.

இந்தப் பாதையின் உயிர் எனக்குத் தெரிந்து பின்னால் தள்ளும் எஞ்சின். முன்னால் ஒன்று இழுக்க, கடைசியில் ஒன்று முக்கிக்கொண்டு தள்ள, இரண்டின் சத்தமும் பள்ளத்தில் மோதி வரும். அதை மாடலில் செய்ய வேண்டும் என்று ஆசை வரும், வர வேண்டும். சாதாரண டி.சி. கரண்டில் இரண்டு எஞ்சினும் ஒரே பாதையில் இருந்தால் ஒரே சமயத்தில்தான் ஓடும், நிற்கும். தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடியாது. டிசிசி என்ற முறையில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிப் இருக்கும், தனி எண் இருக்கும், பின் எஞ்சினின் வேகத்தை முன் எஞ்சினோடு பொருத்தலாம். விலை கொடுத்து வாங்காமல், ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டும் அதன்மேல் பொருந்தும் ஒரு மோட்டார் ஷீல்டும் வைத்து டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளால் நீங்களே கட்டலாம். என் மூன்றாவது லேஅவுட் அதில்தான் ஓடுகிறது. ஆரம்பத்தில் டி.சி. போதும். ஆனால் வயரிங்கை இப்போதே டிசிசிக்கு ஏற்றபடி செய்துவிடுங்கள்: பலகைக்கடியில் முழுச் சுற்றும் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வீட்டு வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும். ஒவ்வொரு மீட்டருக்கும் தண்டவாளத்திலிருந்து மெல்லிய வயர் இறங்கி அதில் சேர வேண்டும். சிவப்பு எப்போதும் சுவர்ப் பக்கத் தண்டவாளம். இதை மறக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. வயரிங் முடிந்ததும் ஒரு ரூபாய்க் காசை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். எங்கே வைத்தாலும், பாதைக்குக் கரண்ட் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் உடனே கட் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் வயர் போதவில்லை, அங்கே இன்னொரு இணைப்புக் கொடுங்கள்.

பின்னால் தள்ளும்போது நடுவில் இருக்கும் பெட்டி லேசாக இருந்தால் வளைவில் வெளியே பிதுங்கித் தெறிக்கும். அமெரிக்காவில் மாடல் ரயில்காரர்கள் 1935-ல் தொடங்கிய சங்கம் ஒன்று உண்டு, என்.எம்.ஆர்.ஏ. அவர்கள் எச்.ஓ. பெட்டிக்கு ஒரு எடைக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்: முதலில் ஒரு அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பத்து அங்குலப் பெட்டிக்கு 6 அவுன்ஸ், 170 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, குறைந்தால் பெட்டியின் தரையோடு ஒட்டி இரும்பு நட்டுகளை வையுங்கள், மேலே வேண்டாம். எல்லாப் பெட்டியும் ஒரே எடையாக இருப்பது முக்கியம்.

ஜல்லிக்கு எம் சாண்டைச் சலித்து எடுக்கலாம். ரவைச் சல்லடையில் இறங்கி, டீ வடிகட்டியில் தங்குவதுதான் சரியான அளவு. போடுவதற்கு முன் ஒரு நல்ல காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலுக்குள் நாலு தடவை இழுங்கள். எம் சாண்டில் கொஞ்சம் கறுப்புத் துகள் ஒட்டும். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கம் சவறா, இந்தப் பக்கம் மணவாளக்குறிச்சி, இரண்டு கரையிலும் இல்மனைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் தாது கலந்த கறுப்பு மணல். எஞ்சினின் மோட்டாரில் பலமான காந்தம் இருக்கிறது. அந்தத் துகளை உறிஞ்சி உள்ளே போய்ப் பல்சக்கரத்தை அரைத்துவிடும். ஜல்லியைப் பரப்பி, பழைய பெயின்ட் பிரஷால் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை) மட்டத்துக்குக் கீழே ஒதுக்கி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்து தெளித்து நனைத்துவிட்டு, ஃபெவிகாலில் மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து மருந்து டிராப்பரால் சொட்டு சொட்டாக விடுங்கள். நனைக்காமல் விட்டால் பசை முத்து முத்தாக உருண்டு நிற்கும். மலைக்கு தெர்மோகோல் வைத்தால் இதே வெள்ளைப் பசைதான். செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையைத் தொட்டால் தெர்மோகோல் கரைந்து குழி விழும்.

மரங்களுக்கு நான் காய்ந்த துளசிக் குச்சியைத்தான் எடுக்கிறேன், கிளை பிரிவது அவ்வளவு இயல்பு. இலைக்குப் பழைய ஸ்பாஞ்சை மிக்ஸியில் அடித்து மூன்று பச்சையில் சாயம் போடலாம். மரத்தூளும் நன்றாகத்தான் இருந்தது, சாரலில் பூஞ்சை பிடித்தது. ரப்பர் தோட்டத்துக்கு மரங்களை வரிசையாக, ஒரே உயரமாக நடுங்கள். அதைக் காடு மாதிரிக் கலைத்து வைத்தால் இந்த ஊர்க்காரன் எவனும் ஏற்றுக்கொள்ளமாட்டான்.

செலவுக்கு ஒரு தொகை சொல்லச் சொன்னீர்கள். தொகை சொன்னால் பொய்யாகிவிடும், ஏனென்றால் தண்டவாளமும் எஞ்சினும் பெரும்பாலும் இறக்குமதி. வெளிநாட்டுப் பொம்மைகள் மேல் சுங்கவரி 2020-ல் 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது, மாடல் ரயிலும் அதே தலைப்பில்தான் வருகிறது. நீங்களே வெளிநாட்டில் ஆர்டர் போடுவதானால் அன்றைய வரியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். விலையைப் பார்த்து ஆசைப்பட்டு, பார்சல் வந்த அன்று வரி கட்ட முடியாமல் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. முதல் கட்டத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: வளைக்கும் தண்டவாளம் பன்னிரண்டு கஜம், ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட் இரண்டு, ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, கண்ட்ரோலர். இரண்டு பாயிண்ட் இருந்தால் ஆரியங்காவில் ஒரு லூப் கிடைக்கும், எதிர்வண்டிக்குக் காத்திருக்கலாம். ஒற்றைப் பாதையில் அதுதானே எல்லாம். பாயிண்டைத் திருப்ப விலையுயர்ந்த மோட்டார் வேண்டாம், பொறியியல் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு வாங்கும் சின்ன சர்வோ மோட்டார் போதும். எஞ்சினில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மெதுவாக ஊர்ந்து போகத் தெரியாத எஞ்சின் மலைப்பாதைக்கு உதவாது. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, நடை வேகத்தில் திக்காமல் போகிறதா என்று பாருங்கள். வாய்ப்புக் கிடைத்தால் பூனாவில் ஜோஷி குடும்பத்தின் சின்ன ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். 1998-ல் திறந்தது, எச்.ஓ. அளவு. ஓடுவதை நேரில் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

கடைசியாக மகள். அவளுக்கு ரயில் சுற்ற வேண்டும், உங்கள் அறைக்குக் கதவு இருக்கிறது. கதவுக்கு நேரே 75 சென்டிமீட்டர் தூக்கி எடுக்கும் துண்டு ஒன்று செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் பித்தளைத் தாழ்ப்பாள் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒன்றாக இரண்டிரண்டு வையுங்கள். தாழ்ப்பாள் போட்டால் துண்டு ஒரு மயிரிழை நகராமல் பழைய இடத்தில் உட்காரும், அதே பித்தளை வழியாகக் கரண்டும் துண்டுக்குப் போகும். தாழ்ப்பாள் போடாவிட்டால் துண்டில் கரண்ட் இல்லை. அதோடு விடாதீர்கள். இரண்டு பக்கத்துப் பலகையிலும் கதவை ஒட்டிய ஒரு முழ நீளப் பாதையைத் தனியாக வெட்டிப் பிரித்து, அதன் கரண்டும் அந்தத் தாழ்ப்பாள் வழியாகவே வரும்படி வயரைக் கொடுங்கள். அப்போதுதான் யாராவது துண்டை எடுத்திருக்கும்போது வரும் எஞ்சின், ஓரத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். முழம் போதுமா என்பதை உங்கள் எஞ்சினை முழு வேகத்தில் விட்டுப் பார்த்து, கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டு, மகளையே தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லிச் சோதியுங்கள்.